சொந்தக் கீபோர்டு கொண்டுவரலாம்

மைசூர் மண்டி மொஹல்லாவில் யாரிடம் வேண்டுமானாலும் போய், "டைப்பிஸ்ட் முரளிதரன் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். கையை நீட்டிக் காட்டுவார்கள், கூடவே ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று முரளிதரனுக்கு மட்டும் தெரியாது. ஊருக்குத் தன்மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்.

அப்பா கிருஷ்ணஸ்வாமி ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக மைசூருக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே ரிட்டயர்டாகி, இங்கேயே போய்ச் சேர்ந்தவர். மகன் பிறந்தது, படித்தது, கல்யாணம் பண்ணிக்கொண்டது எல்லாம் இதே ஊர்தான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். சின்ன வயதிலிருந்தே முரளிதரனுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. எதிலாவது தோற்றால், தோற்றது அவர் இல்லை. அவர் கையில் இருந்த சாமான். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு மார்க் குறைந்ததற்குக் காரணம் இங்க் கக்கிய பேனா. கிரிக்கெட்டில் முதல் பந்திலேயே அவுட் ஆனால் மட்டையின் கைப்பிடி சரியில்லை. ஸ்கூட்டர் லைசென்ஸுக்கு எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டார், அதற்குப் பழி கிளட்ச் மேல். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் முதல் தடவை கோட்டை விட்டார். ரிப்பன் பழசாம்.

இதெல்லாம் போகட்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் பிரதிபா, "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அதற்கு "வியாழக்கிழமை" என்று பதில் சொல்லியிருக்கிறார் மனுஷன். ஏன் அப்படி உளறினீர்கள் என்று அவள் இன்றைக்குக் கேட்டாலும், உங்கள் வீட்டு நாற்காலி ஒரு கால் ஆடிற்று, அதில் உட்கார்ந்துகொண்டு யாரால் யோசிக்க முடியும் என்பார். பிரதிபா அப்படியும் சம்மதித்தாள். பாவமாக இருந்ததாம்.

அப்பேர்ப்பட்டவர் ஓர் அரசு அலுவலகத்தில் பதினாலு வருஷமாகக் காண்ட்ராக்ட் டைப்பிஸ்ட். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், எல்லா அலுவலகத்திலும் இப்படி ஒருவர் உண்டு. காலையில் வந்தவுடன் கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுவார். பிரஷ்ஷால் துடைப்பார். நாலு வரி அடிப்பார். "ஸ்பேஸ் பார் இழுக்குது" என்பார். பக்கத்து மேஜைக் கீபோர்டோடு மாற்றிப் பார்ப்பார். அதற்குள் காப்பி வந்துவிடும். பத்து நிமிஷம் தொடர்ந்து அவர் டைப் அடித்து அந்த அலுவலகத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. அவருக்கு டைப்பிங் அவ்வளவாக வராது, வாய்தான் பெரிசு என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு கட்டியிருந்தார்கள்.

அவர் மனைவி பிரதிபாவுக்கு மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை. அவள் கீபோர்டைப் பார்த்தால் முரளிதரனுக்கு மயக்கமே வந்துவிடும். எழுத்தெல்லாம் அழிந்து போயிருக்கும். ஒரு கீக்கு மேல்மூடியே கிடையாது, அடியில் இருக்கிற ரப்பரை விரலால் குத்துவாள். குத்திக் குத்தி ஒரு நாளைக்கு இருநூறு பில் போடுவாள். கீபோர்டு என்று ஒரு வஸ்து இருப்பதே அவள் ஞாபகத்தில் இருக்காது.

காண்ட்ராக்ட் ஆட்கள் நிரந்தரமாக வேண்டும் என்றால் டைப்பிங் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். இங்கிலீஷ் பத்து நிமிஷம், கன்னடம் பத்து நிமிஷம். முரளிதரன் இரண்டு தடவை எழுதினார். முதல் தடவை 'ஏ' கீ மாட்டிக்கொள்கிறது என்று கையைத் தூக்கி, வந்த மேற்பார்வையாளரோடு ஆறு நிமிஷம் சண்டை போட்டார். இரண்டாம் தடவை மூன்று கீபோர்டு மாற்றச் சொன்னார். மூன்றாவது கீபோர்டு வந்து சேரும்போது மணி அடித்துவிட்டது. ஆக, இரண்டு பரீட்சையிலும் சேர்த்து அவர் உட்கார்ந்து அடித்த நேரத்தைவிட எழுந்து நின்ற நேரம்தான் அதிகம்.

வேறு ஆளாக இருந்தால் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருப்பான். முரளிதரன் மனு எழுதினார். கோடாலிக்காரன் கோடாலியையும், சவரம் செய்கிறவன் கத்தியையும் சொந்தமாகக் கொண்டுபோகிற நாட்டில் டைப்பிஸ்டுக்கு மட்டும் என்ன பாவம், பரீட்சைக்குச் சொந்தக் கீபோர்டு கொண்டுவர அனுமதி வேண்டும் என்று மூன்று வருஷத்தில் பதினோரு மனு. சூப்ரண்ட் நாகலக்ஷ்மி அம்மா ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு மேலே அனுப்பிவைப்பார். கடைசி மனுவில், மேலிடம் பயப்பட வேண்டாம் என்று முரளிதரன் தானாகவே ஒரு வரியும் சேர்த்திருந்தார்: சொந்தக் கீபோர்டால் வரும் எந்தச் சிக்கலுக்கும் தேர்வரே பொறுப்பு, அதற்காகக் கூடுதல் நேரம் கேட்கப்படாது.

மேலிடத்துக்கு என்ன தோன்றியதோ, இந்த மனுஷன் தொல்லை விட்டால் போதும் என்று நினைத்தார்களோ, சரி என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த பரீட்சையின் ஹால் டிக்கெட்டில் எட்டாவது விதியாக அச்சாகியே வந்துவிட்டது. ஒன்பதாவது விதியாக அவர் எழுதிக் கொடுத்த அந்த வரியும் அட்சரம் பிசகாமல் வந்திருந்தது. முரளிதரன் அதை லாமினேட் பண்ணாத குறை. அலுவலகம் முழுக்கக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் நீட்டினார்.

"பாத்தியா? கவர்மெண்டே என் பேச்சக் கேக்குது."

பிரதிபா மேலிருந்து கீழ்வரை படித்தாள். வயது வரம்பு நாற்பத்தைந்து என்று இருந்தது. முரளிதரனுக்கு நாற்பத்துநாலு முடிந்து மூன்று மாசம். அடுத்த பரீட்சை வர இரண்டு வருஷமாவது ஆகும். நிரந்தர ஆட்கள் வந்து சேர்ந்ததும் காண்ட்ராக்ட் இடங்கள் எடுக்கப்படும் என்றும் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"ரீ," என்றாள் பிரதிபா. கன்னடப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவதுபோல அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். "இதுதான் கடைசி. இதுல பாஸ் ஆகலைன்னா வேலையே போயிடும். வெளங்குதா?"

"இந்தத் தடவை ஏன் ஆகாம போகுது? இந்தத் தடவை கீபோர்டு என்னோடது."

பிரதிபாவின் தம்பி நிகில் பெங்களூரில் டிசைன் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். அவன் அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது மேக் கம்ப்யூட்டரின் கீபோர்டு ஒன்று கிடைத்தது. மாமாவுக்கு ஆகுமே என்று கொண்டுவந்து கொடுத்தான். வெள்ளிபோல மின்னுகிற தகடு, அதன்மேல் வெள்ளை வெளேரென்று கீக்கள். தட்டில் கல்கண்டு பரப்பின மாதிரி இருக்கு என்றாள் பிரதிபா. முரளிதரன் ஒரு கீயை அழுத்திப் பார்த்தார். சத்தமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினாலு வருஷமா இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

"மாமா, இது மேக்குக்குச் செஞ்சது," என்றான் நிகில். "உங்க ஆபீஸ்ல லினக்ஸ்தானே? ஒண்ணு ரெண்டு கீ எடக்குப் பண்ணும்."

"நல்ல குதிரைன்னா கொஞ்சம் முரண்டு பண்ணத்தான் செய்யும்," என்றார் முரளிதரன். வாழ்க்கையில் குதிரையைத் தசரா ஊர்வலத்தில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை அவர்.

மறுநாள் கீபோர்டைப் பூத்துவாலையில் சுற்றி அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். அங்கே எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் என்கிற சாஃப்ட்வேர்தான். அது இலவசம், லைசென்ஸ் தொந்தரவு இல்லை, அதனால் அரசாங்கத்துக்கு இஷ்டம். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடி நிற்க, முரளிதரன் ஒயரைச் சொருகினார். எழுத்துகள் அழகாக விழுந்தன. அலுவலகமே ஆ என்று பார்த்தது. அப்புறம் கன்னடத்துக்கு மாற எஃப்-ஒன்பதைத் தட்டினார். கன்னடம் வரவில்லை. எஃப்-பத்தைத் தட்டினார், கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டதாகத் திரையில் ஒரு படம் வந்தது. ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் வழக்கமாக ஆல்ட் இருக்கும் இடத்தைத் தொட்டார், திறந்திருந்த ஃபைலெல்லாம் குட்டிக் குட்டியாகச் சுருங்கிக் கூட்டமாக நின்றன. கூடியிருந்தவர்கள் மெதுவாகக் கலைந்தார்கள். கலைகிறபோது ஒருத்தர் இருமியது இருமல் இல்லை.

"இந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் மரியாதை தெரியல," என்றார் முரளிதரன்.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற தாரணி வந்தாள். முப்பது வயது, சுறுசுறுப்பான பெண், அவளும் காண்ட்ராக்ட்தான். கீபோர்டைப் பார்த்தவுடனேயே சிரித்துவிட்டாள்.

"சார், கீபோர்டு மேலயும் தப்பில்ல, மிஷின் மேலயும் தப்பில்ல. மேக்ல இந்த மேல்வரிசை எல்லாம் பாட்டு, சவுண்டு, வெளிச்சம். நீங்க எஃப்-ஒன்பது அடிச்சா அது 'அடுத்த பாட்டு'ன்னு சொல்லுது."

"ஆபீஸ்ல எதுக்கும்மா பாட்டு?"

"அதத்தான் அதுக்குச் சொல்லித் தரணும்."

தாரணி அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, இரண்டு வரி எழுதினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். எஃப்-ஒன்பதைத் தட்டினாள். கன்னடம் வந்தது. ஆல்ட் இடத்தில் ஆல்ட் வேலை செய்தது.

"ஆய்த்து. ஆனா சார், ஒண்ணு நல்லாக் கேட்டுக்கோங்க. நான் எழுதுனது இந்த மிஷின்ல. கீபோர்டுக்குள்ள ஒண்ணும் போடல. வேற மிஷின்ல சொருகுனீங்கன்னா பழையபடி பாட்டுதான் போடும். அங்க இந்தா, இந்த மூலைல எஃப்என்-னு ஒரு கீ இருக்கே, அத அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு எஃப்-ஒன்பது அடிக்கணும். சரியா?"

"ஹௌதா, ஹௌதா," என்று ஆமாம் போட்டார் முரளிதரன். அந்த நேரத்தில் அவர் கீபோர்டை எந்தக் கோணத்தில் படம் எடுத்தால் ஜன்னல் வெளிச்சம் அழகாக விழும் என்று போனைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். தாரணி சொன்னதில் 'சரியா' மட்டும்தான் காதில் விழுந்தது.

படம் உறவினர்கள் வாட்ஸப் குரூப்புக்குப் போயிற்று. அன்று மத்தியானமே கதையும் மாறிவிட்டது. "மொதல்ல கொஞ்சம் அடம் புடிச்சுது, அப்புறம் என் கைக்குப் பழகிடுச்சு," என்று காண்டீனில் எல்லோரிடமும் சொன்னார். தாரணி காதுபடவே சொன்னார். அவள் காப்பியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். பதினோரு மனு எழுதின ஆளோடு யார் வாயைக் கொடுப்பது?

ஆறு வாரம் சாப்பாட்டு இடைவேளையில் அதில் பழகினார். நடுநடுவே கீபோர்டைத் துடைக்கிற நேரம் போக ஏதோ அடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு முந்தைய நாள், சொந்தக் கீபோர்டு கொண்டுவருகிறவர்கள் தேர்வு மையத்துக்கு வந்து சொருகிப் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள். தாரணி இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள்.

"அதெல்லாம் தெரியாதவங்களுக்கும்மா," என்றார் முரளிதரன்.

பரீட்சை நாள் காலையில் பிரதிபா அரை நாள் லீவு போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள் அவள்தான். முரளிதரன் பின்னால் உட்கார்ந்து, துவாலையில் சுற்றிய கீபோர்டைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மண்டி மொஹல்லா சந்தில் ஓர் ஆட்டோ உரசுகிற மாதிரி வந்தபோது தன் முழங்காலை நீட்டிக் கீபோர்டைக் காப்பாற்றினார். முழங்காலில் சிராய்ப்பு.

ஊருக்கு வெளியே ஒரு காலேஜின் கம்ப்யூட்டர் லேப்தான் மையம். நாற்பத்திரண்டு பேர். அதில் எட்டாவது விதியைப் பயன்படுத்திக்கொண்டவர் ஒரே ஒருவர். மேற்பார்வைக்கு வந்திருந்தவர் தொட்டையன் என்று ஒரு பெரியவர். ஹால் டிக்கெட்டில் பெயரைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"தமிழுங்களா? நமக்குக் கொள்ளேகாலுங்க." பிறகு மேஜைமேல் இருந்ததைப் பார்த்தார். "அந்த மனு எழுதுனது நீங்கதானுங்களா? நல்லா மினுமினுன்னு இருக்குதுங்."

முரளிதரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். சிக்கல் வந்தால் நானே பொறுப்பு. மேஜையில் இருந்த கறுப்புக் கீபோர்டைத் தொட்டையன் கழற்றி ஓரமாகச் சுவரில் சாய்த்து வைத்தார். போன பரீட்சையில் யாரோ காப்பி அடித்தார்களாம், அதனால் மவுஸெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். எல்லாமே கீபோர்டில்தான்.

இங்கிலீஷ் தொடங்கியது. அதில் எழுத்துகள் மட்டும்தான் வேலை. எழுத்துக்கு மேக்கும் ஒன்றுதான் லினக்ஸும் ஒன்றுதான். சர்ரென்று போயிற்று. முதல் தடவையாக முரளிதரன் ஒரு பரீட்சையில் கையைத் தூக்காமல் பத்து நிமிஷம் உட்கார்ந்தார். திரையில் தேர்ச்சி என்று வந்தது. நாற்பத்துமூன்று வார்த்தை வேகம். பார்த்தாயா, கீபோர்டு என்றால் இது என்று மனசுக்குள் மார்தட்டிக்கொண்டார்.

பிறகு கன்னடம். பத்து நிமிஷத்தில் இருநூற்றைம்பது வார்த்தை அடித்தால் பாஸ். கன்னடத்துக்கு மாற எஃப்-ஒன்பதை அழுத்தவும் என்று திரையில் குறிப்பு வந்தது. கடிகாரம் ஓடத் தொடங்கியது.

முரளிதரன் எஃப்-ஒன்பதை அழுத்தினார்.

அடுத்த பாட்டு போடச் சொல்லி உத்தரவு போயிற்று. பாட்டு ஏது அங்கே? ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். நாலு தடவை, ஐந்து தடவை. சரி, அடித்துப் பார்ப்போம் என்று அடித்தார், எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாகக் குப்பைபோல விழுந்தது. எஃப்-பன்னிரண்டைத் தட்டினார். சத்தம் கூடுகிறது என்று ஒரு பட்டை வந்து, அமைதியான அந்த லேபில் 'டொய்ங்' என்று ஓர் ஒலி எழுந்தது. நாற்பத்தொரு பேரில் பாதிப்பேர் திரும்பினார்கள். பதறிப்போய் இன்னொரு தடவை தட்டினார், இன்னும் பெரிய 'டொய்ங்'. ஆல்ட் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டார், பரீட்சைத் திரை சுருங்கி மூலைக்கு ஓடியது. 'தேர்வர் திரையைவிட்டு விலகினார், முதல் எச்சரிக்கை' என்று சிவப்பில் வந்தது. அலுவலகத்தில் சொன்னபடி கேட்ட கீபோர்டு இங்கே அவரை யார் என்றே தெரியாததுபோல நடந்துகொள்கிறது. இடது மூலையில் எஃப்என் கீ சும்மா உட்கார்ந்திருந்தது. அதை ஒரு விரல் தொட்டிருந்தால் போதும்.

தொட்டையன் வந்து சேரும்போது மூன்று நிமிஷம் போயிருந்தது.

"ஏனுங்க, என்னாச்சுங்?"

"மாற மாட்டேங்குது சார். என் ஆபீஸ்ல மாறுச்சு. இந்தக் கம்ப்யூட்டர் சரியில்ல."

"கம்ப்யூட்டர் எல்லார்த்துக்கும் ஒண்ணுதானுங்களே." பெரியவர் சுவரோரம் இருந்த கறுப்புக் கீபோர்டைத் தானே எடுத்துவந்து மேஜையில் வைத்தார். "இதச் சொருகி அடிங்க. இன்னும் ஏழு நிமிஷம் கெடக்குது."

அழுக்கேறிய கறுப்புக் கீபோர்டு. எத்தனை பேர் விரல் பட்டதோ. எதை எதிர்த்து மூன்று வருஷம் எழுதினாரோ, அதே சாதி.

"வேணாம் சார். இதால முடியாதுன்னுதான் பதினோரு மனு எழுதினேன்."

"எழுதுனீங்க, செரி. இப்ப அடிக்கோணுமல்லங்க?"

"டெக்னீஷியன வரச் சொல்லுங்க."

"ஒம்பதாவது விதின்னு நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க. யாரையும் கூப்பிடப்படாதுங்."

முரளிதரன் எழுந்து நின்றார். ஆம், மறுபடியும் எழுந்து நின்றார். சொந்தக் கீபோர்டு ஒயரைப் பிடுங்கிச் சொருகினார், பிடுங்கிச் சொருகினார். கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று எழுதிக் கொடுங்கள் என்றார். மேலிடத்தில் புகார் சொல்கிறேன் என்றார். பக்கத்து நாற்காலிப் பெண் தலையைத் திருப்பாமல் தடதடவென்று கன்னடம் அடித்துக்கொண்டிருந்தாள். தொட்டையன் கோபப்படவில்லை, கெஞ்சினார்.

"அப்பா, அப்புறம் சண்ட போட்டுக்கலாம். வூட்ல ஆளுங்க இருப்பாங்கல்ல? உக்காருங்க சாமி."

கடிகாரத்தில் மீதி நாலு நிமிஷம் என்று வந்து எண்கள் சிவப்பாக மாறின. அந்தச் சிவப்பைப் பார்த்ததும்தான் பிரதிபா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வெளியே நின்றுகொண்டிருப்பது முரளிதரனுக்கு நினைவுக்கு வந்தது. கறுப்புக் கீபோர்டை வெடுக்கென்று இழுத்தார். சொருகினார். எஃப்-ஒன்பது. கன்னடம் வந்தது.

அடித்தார். துடைக்க நேரமில்லை, கவிழ்த்துத் தட்ட நேரமில்லை, குறை கண்டுபிடிக்கக்கூட நேரமில்லை. ஒரு கீ நிஜமாகவே கொஞ்சம் இழுத்தது. அழுத்திக் குத்திவிட்டு அடுத்ததுக்குப் போனார். முதுகில் வியர்வை ஓடியது, மூக்கு அரித்தது, எதற்கும் கையை எடுக்கவில்லை. தொட்டையன் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி அடித்து, திரை தானாக மூடிக்கொண்ட பிறகும் விரல்கள் இரண்டு வார்த்தை மேஜையிலேயே அடித்தன.

வெளியே வந்ததும், "என்னாச்சு?" என்றாள் பிரதிபா.

"கீபோர்டு கால வாரிடுச்சு."

பதினேழு வருஷமாக அவள் கேட்கிற வசனம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். திரும்புகிற வழியெல்லாம் முரளிதரன் நிகிலைத் திட்டினார், தாரணியைத் திட்டினார், பாட்டு கேட்டுக்கொண்டே வேலை செய்கிற தேசத்துக்காரனையெல்லாம் திட்டினார்.

கன்னடத்தை ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டும் என்பதால் ரிசல்ட் இரண்டு வாரம் கழித்து வந்தது. அலுவலகத்தில் திறந்து பார்க்க முரளிதரனுக்குத் தைரியம் வரவில்லை. மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு மனைவியின் மருந்துக்கடைக்கு நடந்தார். கூட்டம் இல்லாத நேரம். வாடிக்கையாளர் நிற்கிற பக்கத்தில் நின்றுகொண்டு ஹால் டிக்கெட் நம்பரை நீட்டினார். அவள் அந்த மூடியில்லாத கீயைக் குத்தி நம்பரை அடித்தாள்.

இங்கிலீஷ் தேர்ச்சி. கன்னடம் நூற்றெண்பத்தெட்டு வார்த்தை, தோல்வி. அவ்வளவுதான். பதினாலு வருஷ உத்தியோகம் அந்த ஒரு வரியில் முடிந்தது. முரளிதரன் கண்ணாடி அலமாரியில் இருந்த இருமல் மருந்துப் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர்காரன் வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அவர் நகரவில்லை.

பிரதிபா திரையைக் கீழே இறக்கிப் படித்துக்கொண்டே போனாள். நிமிஷவாரியாக வேகம் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் அவள் கண் நின்றுவிட்டது.

"ரீ, இங்க பாருங்க. மொதல் ஆறு நிமிஷம் சைபர் சைபரா இருக்கு. அப்புறம் நாப்பத்தஞ்சு, நாப்பத்தெட்டு, நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு. இது யாரு அடிச்சது?"

"நான்தான்."

"உங்க வெள்ளக் கீபோர்டுலயா?"

"இல்ல." ஹால் டிக்கெட்டை நாலாக மடித்தார். "அங்க இருந்த பழசுல. கடைசில அதத்தான் குடுத்தாங்க."

"எப்பக் குடுத்தாங்க?"

முரளிதரன் மறுபடி இருமல் மருந்துப் பாட்டில்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நாள் முழுக்கக் கூட்டிக் கழிக்கிறவள், அவர் சொல்லவும் வேண்டியதில்லை. இரண்டு நிமிஷம் முன்னால் எடுத்திருந்தால்கூடப் போதும் என்று அவள் மனசு போட்ட கணக்கு முகத்திலேயே தெரிந்தது. நன்றாகத் திட்டப்போகிறாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவளானால் அந்த நாலு எண்களையும் விரலால் தொட்டுத் தொட்டு இன்னொரு தடவை படித்தாள்.

"இத்தன வருஷமா உங்களுக்கு டைப்பிங்கே வராதுன்னு நெனச்சிட்டிருந்தேன் ரீ," என்றாள். "அதனாலதான் நீங்க கீபோர்டு மேல பழி போடறப்பல்லாம் பேசாம இருந்தேன். சொல்லிட்டுப் போகட்டும், பாவம்னு."

முரளிதரன் கவுண்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நானும் வராதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்," என்றார்.